அண்மையில் படித்த சில நூல்கள்



கடந்த சில திங்களில் நாம் படித்து முடித்த நூல்கள் ஆறேழு இருக்கும். அவற்றுள் சிலவற்றைப் பற்றி நம் எண்ணங்களைச் சொல்லும் வாய்ப்பு இன்று கிட்டியிருக்கிறது. இது திறனாய்வு அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். திறனாய்வாளர்க்கு வேண்டிய கோட்பாட்டுப் பயிற்சி நம்மிடம் இல்லை. மைய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி புரிகின்றவர் நாம். காலை முதல் மாலை வரை சுற்றறிக்கைகளையும் அறிவிப்புகளையும் ஒரு மொழியிலிருந்து எடுத்து மற்றொரு மொழியில் வைப்பது நம் வேலை. ‘மேற்கண்ட பொருள் தொடர்பாக’ என்று ஒரே நாளில் இருபது முறை எழுதிய கைக்கு, இரவில் நல்ல தமிழ் வாக்கியம் ஒன்று மருந்துபோல் வேண்டியிருக்கிறது. அந்தத் தேவையால் படிக்கின்றவர்களுள் நாமும் ஒருவர், அவ்வளவே.

தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழர்க்கு, விரும்பிய நூல் கைக்குக் கிடைப்பதே ஒரு சிறு வெற்றி. ஊருக்குப் போய்த் திரும்பும் உறவினர் எவரேனும் பெட்டியின் அடியில் முறுக்கு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்தால் உண்டு. இல்லையேல் சங்கத்து நூலகந்தான். டெல்லித் தமிழ்ச் சங்கம் 1946ஆம் ஆண்டில் தோன்றியது. இராமகிருஷ்ணபுரத்தில் உள்ள அதன் நூலகத்தை நம்மைப் போன்றோர் எத்தனை பேர் நம்பியிருக்கிறார்கள் என்பதை அங்கே போய் வருகின்றவர்கள் அறிவர். பெங்களூரில் அல்சூர் ஏரியை அடுத்துள்ள தமிழ்ச் சங்கமும் அவ்வாறே. இக்காலத்தில் கைப்பேசியிலும் நூல் படிக்கலாம் என்கிறார்கள். படிக்கலாம்தான். ஆயினும் முன்பு படித்த எவரோ ஒருவர் ஓரத்தில் பென்சிலால் இட்ட கோடு அதில் இராது. அந்தக் கோட்டோடு சண்டை போடுவதில் நமக்கு ஒரு தனி இன்பம் உண்டு.

வெளியூர்த் தமிழர் பெரும்பாலும் எதைத் தேடிப் படிக்கிறார்கள்? பிறந்த ஊரைத்தான். வாய்க்கால், வேப்பமரம், தேர்த் திருவிழா, பாட்டியின் பேச்சு ஆகியவை எந்த நூலில் உள்ளனவோ அந்த நூல் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து போகிறது. அதைக் குறை கூற நமக்கு மனமில்லை. ஆனால் இம்முறை நம் கைக்கு வந்த நூல்களில் பலவும், எவ்வாறோ, சொந்த ஊரை விட்டு வேறிடம் போய் வாழ்ந்தவர்களைப் பற்றியவையாகவே அமைந்துவிட்டன. அவற்றைப் படித்த பின், பிறந்த ஊரை விடக் குடியிருக்கும் ஊரைப் பற்றியே நாம் மிகுதியாக எண்ணலானோம்.

முதலில் அசோகமித்திரன் எழுதிய ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ என்ற நாவல். 1977ஆம் ஆண்டில் வெளிவந்தது. தலைப்பைக் கண்டு பூகோள நூல் என்று ஒதுக்கிவிட வேண்டா. ஐதராபாத்தும் செகந்தராபாத்தும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழப் பதினேழரைப் பாகையில் இருக்கின்றன. தலைப்பு அந்த மண்ணைத்தான் குறிக்கிறது. ஆசிரியர் 1931இல் செகந்தராபாத்தில் பிறந்தவர். தந்தையார் இரயில்வே ஊழியர். இருபது வயதைக் கடந்த பிறகே, தந்தையாரின் மறைவுக்குப் பின், சென்னைக்கு வந்தார். ஆகவே நாவலில் வரும் இரயில்வே குடியிருப்பும், கிரிக்கெட்டும், சைக்கிளும், வீட்டுப் பசுவும் அவர் கண்டறிந்தவை.

சந்திரசேகரன் என்ற மாணவன்தான் கதையின் நடு நாயகம். வீட்டில் தமிழ், வெளியே உருதுவும் தெலுங்கும் ஆங்கிலமும். அண்டை வீடுகளில் முஸ்லிம்களும் ஆங்கிலோ இந்தியர்களும் இருக்கிறார்கள். இதில் நம்மில் பலர்க்கு நம் பிள்ளைகளின் சாயல் தெரியும். காலமோ 1947, 1948. நாடு விடுதலை பெற்றுவிட்டது. நிஜாம் மீர் உஸ்மான் அலிகானின் அரசு மட்டும் இந்தியாவுடன் சேராமல் நிற்கிறது. காசிம் ரஸ்வியின் தலைமையில் ரஜாக்கர்கள் ஊரை அச்சுறுத்துகிறார்கள். 1948 செப்டம்பர் 13ஆம் நாள் இந்தியப் படை உள்ளே புகுகிறது. ஐந்தாம் நாள் நிஜாம் பணிகிறார். வரலாற்று நூல்கள் இதை இரண்டு பத்திகளில் சொல்லி முடித்துவிடும். அசோகமித்திரன் அதைக் கிரிக்கெட் பந்தின் ஓட்டத்தோடும், கல்லூரி வாயிலில் நடக்கும் மறியலோடும், அண்டை வீட்டாரின் முகம் சிறிது சிறிதாக மாறுவதோடும் சேர்த்துச் சொல்கிறார்.

இந்நாவலில் நமக்கு மிகவும் அரியதாகத் தோன்றியது அந்தக் குடும்பத்தின் நிலை. அவர்கள் அந்த மண்ணின் குடிகளும் அல்லர், விருந்தினரும் அல்லர். சண்டை அவர்களைப் பற்றியது அன்று. ஆனால் சண்டையின் கல் அவர்கள் கூரைமீதும் விழும். ‘இது நம் ஊர் வழக்கு இல்லையே’ என்று ஒதுங்கி நிற்க ஒருவனால் எவ்வளவு நாள் முடியும்? சந்திரசேகரனால் முடியவில்லை. கலவரத்தின்போது உயிருக்கு அஞ்சி ஒரு வீட்டுக்குள் புகுகிறான். அங்கே இருப்பவர்கள் அவனைவிட அஞ்சியவர்கள். அவனையே தங்களைக் கொல்ல வந்தவனாக எண்ணிவிட்ட ஓர் ஏழை முஸ்லிம் குடும்பம். அவர்களைக் காப்பதற்காக அவ்வீட்டுப் பெண் ஒருத்தி, சிறுமி என்றே சொல்ல வேண்டும், தன்னையே அவன்முன் கொடுக்க முற்படுகிறாள். அவன் வெட்கமும் அருவருப்பும் தாங்காமல் வெளியே ஓடுகிறான். நாவல் அத்தோடு முடிகிறது. ஆசிரியர் அழவும் இல்லை, அறிவுரை கூறவும் இல்லை.

இரவு பதினோரு மணிக்கு அந்தப் பக்கத்தைப் படித்து முடித்த நாம் வெகுநேரம் விளக்கை அணைக்கவில்லை. அந்தப் படை நடவடிக்கைக்குப் பின் நடந்தவற்றை ஆராய்வதற்காகப் பண்டித சுந்தர்லால் தலைமையில் ஒரு குழுவை அன்றைய அரசு அனுப்பிற்று. குறைந்த அளவாகக் கொண்டாலும் 27,000 முதல் 40,000 பேர் வரை உயிரிழந்திருப்பர் என்று அக்குழு மதிப்பிட்டது. அவ்வறிக்கை நெடுங்காலம் வெளியிடப்படாமலே கிடந்தது. பாதுகாப்பறைக்குள் இருந்த அறிக்கை சொல்லாததை, 1977இலேயே தமிழில் ஒரு நாவல் ஒரே ஓர் அறையின் அளவில் சொல்லிவிட்டது. அறிக்கைகளை மொழிபெயர்த்து வயிறு வளர்க்கும் நமக்கு இது சிறிது உறைத்தது.

குறை ஒன்றும் சொல்லிவிடுகிறோம். கதை ‘நான்’ என்று தன்மையிலும், பின்பு ‘சந்திரசேகரன்’ என்று படர்க்கையிலும் மாறி மாறிச் செல்கிறது. அதற்குக் காரணம் உண்டு என்று அறிந்தவர் கூறுவர். முதல் ஐம்பது பக்கங்களில் அது நம்மைத் தடுக்கி விழச் செய்தது. பொறுத்துப் படிப்பவர்க்குப் பிறகு தடையில்லை.

அடுத்தது, ஊரை விட்டுப் போனவர்களுக்கு மாறாக, ஊருக்குள் வந்தவர்களின் கதை. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’. 1976இல் வெளிவந்தது. இதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. தெலுங்கு நாட்டில், சென்னாதேவி என்ற அழகிய பெண்ணை ஆட்சியாளன் விரும்பியதால், அவளைக் காக்க ஒரு பெருங்குடும்பம் இரவோடு இரவாகப் புறப்பட்டுத் தெற்கே வருகிறது. கரிசல் காட்டைத் தீயிட்டுத் திருத்தி ஊராக்குகிறார்கள். இவ்வளவையும் நமக்குச் சொல்கின்றவர் நூறு வயதை எப்போதோ தாண்டிவிட்ட மங்கத்தாயாரு அம்மாள் என்ற கிழவி.

நாம் தமிழகத்திலிருந்து வெளியே வந்தவர்கள். அவர்களோ வெளியிலிருந்து தமிழகத்திற்குள் வந்தவர்கள். புதிய மண்ணில் முதல் இரவு எப்படிக் கழிந்தது, முதல் விதை எப்போது விழுந்தது, அங்கிருந்தவர்கள் இவர்களை எப்படிப் பார்த்தார்கள் என்பவற்றை அந்நூலில் படிக்கும்போது, கரோல்பாக்கிலோ மாதுங்காவிலோ முதன்முதல் வாடகைக்கு வீடு தேடி அலைந்த தலைமுறை நம் நினைவுக்கு வருகிறது. நம் இல்லத்தில் இரவு உணவுக்குப் பின் இதன் சில பகுதிகளை உரக்கப் படிப்பதுண்டு. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் மட்டுமே பயிலும் மகள், தமிழைக் கேட்டால் புரிந்துகொள்வாள். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பொறுமை இழந்துவிடுவாள். காடு எரியும் பகுதியை அசையாமல் கேட்டவள், ‘அப்பா, அந்த வீட்டுக்காரர்கள் இன்னும் தெலுங்கு பேசுகிறார்களா?’ என்று கேட்டாள். பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் தமிழ்நாட்டில் பல இலட்சம் வீடுகளில் தெலுங்கு பேசப்படுகிறது என்று சொன்னோம். அதைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்கிறவர்களும் உண்டு என்றோம். ‘எப்படி மறக்காமல் இருந்தார்கள்?’ என்பது அடுத்த கேள்வி. அதற்கு நம்மிடம் விடை இல்லை. வீட்டில் பேசினார்கள், அதனால் மறக்கவில்லை என்று சொன்னோம். அவள் அதைக் கேட்டு, இந்தியில் ‘சரி’ என்றாள்.

பேச்சுத் தமிழில், அதுவும் கரிசல் வட்டாரத் தமிழில் எழுதப்பட்ட நூல் என்பதால் தஞ்சைப் பக்கத்தாரும் கொங்கு நாட்டாரும் சில சொற்களில் நின்று விடக்கூடும். நிற்க வேண்டா, மேலே போங்கள். பத்துப் பக்கம் போனால் சொல் தானே விளங்கிவிடும். ஆசிரியர் வட்டார வழக்குக்கு ஓர் அகராதியே தொகுத்தவர். ஆயினும் கதையை அகராதியின் துணையோடு படிப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை.

மூன்றாவது நூல் வங்காளத்திலிருந்து வந்தது. தாராசங்கர் பந்தோபாத்தியாயரின் ‘ஆரோக்கிய நிகேதனம்’. மூலம் 1953இல் தோன்றி, 1956இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. தமிழில் தந்தவர் த.நா. குமாரசாமி. வங்காளத்தை நேரே கற்றுத் தமிழாக்கிய அந்தத் தலைமுறைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இன்று ஆங்கிலம் என்ற ஒரே பாலத்தின்மீது எல்லா மொழிகளும் நடந்து வருவதால், ஒவ்வொரு நடையிலும் சிறிது சரக்கு ஆற்றில் விழுகிறது.

ஜீவன் மசாய் என்ற முதிய கவிராயர் கதைத் தலைவர். மூன்று தலைமுறையாக நாடி பார்க்கும் குடும்பம். மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, நோயாளி பிழைப்பாரா மாட்டாரா, இறப்பு எத்தனை நாளில் என்பதையும் சொல்லிவிடுவார். அந்த ஊருக்குப் பிரத்யோத் என்ற இளம் டாக்டர் வருகிறார். அவரிடம் ஊசி இருக்கிறது, பெனிசிலின் இருக்கிறது, ‘சாவு வரும் என்று நோயாளியிடமே சொல்வது என்ன மருத்துவம்?’ என்ற நியாயமான சினமும் இருக்கிறது. பழமை நல்லது, புதுமை தீயது என்று எளிதாக எழுதிவிடக்கூடிய கதை. தாராசங்கர் அப்படி எழுதவில்லை. கவிராயர் கைவிட்ட உயிரைப் புதிய மருத்துவம் மீட்கவும் செய்கிறது. புதிய மருத்துவம் கண்டுகொள்ளாததைக் கிழவரின் விரல்கள் கண்டுகொள்ளவும் செய்கின்றன. இருவரும் சரி, இருவரும் தவறு. கடைசியில் ஒருவரை ஒருவர் நாடுகிறார்கள்.

நம்மை உலுக்கிய இடம் வேறு. ஜீவன் மசாய் தம் ஒரே மகனின் நாடியைப் பிடித்துப் பார்த்து, அவன் பிழைக்கமாட்டான் என்று அறிந்துகொள்கிறார். அறிந்ததை மறைக்க அவர் கற்ற வித்தை இடந்தரவில்லை. மகன் இறக்கிறான். மனைவி அதை வாழ்நாள் முழுதும் மன்னிக்கவில்லை. உண்மையைச் சொன்னது கடமையா, கொடுமையா? இந்தக் கேள்வியை ஆசிரியர் திறந்தே வைத்திருக்கிறார். வீட்டில் முதியவர் எவரேனும் நோயுற்று, மருத்துவர் நம்மைத் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் ஒன்று சொல்லி, அதை ஊரிலுள்ள தாய்க்குத் தொலைபேசியில் எப்படிச் சொல்வது என்று திகைத்து நின்ற அனுபவம் நேயர்களில் பலர்க்கு இருக்கும். ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் இருப்பவர்க்கு அத்திகைப்பு இரண்டு மடங்கு. அவர்கள் இந்நூலைப் படித்துப் பார்க்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் ஒரு சிறு குறிப்பு. கவிராயர் நோயின் முடிவை அறிந்து கூறுவதை வங்காளத்தில் ‘நிதானம்’ என்ற வடசொல்லின் வடிவால் குறிப்பர். மருத்துவ நூல்களில் அச்சொல்லுக்கு நோயின் மூலத்தை ஆராய்தல் என்று பொருள். அதே சொல் தமிழில் வந்து அமைதி, பொறுமை என்ற பொருளைப் பெற்றுவிட்டது. சாவைக் கணித்துச் சொல்லும் சொல்லும், ‘அவசரப்படாதே’ என்று பிள்ளைக்குச் சொல்லும் சொல்லும் ஒன்றாக இருக்கின்றன! ‘மசாய்’ என்பதும் அப்படியே. மகாசயர் என்பதன் தேய்வு அது. ஊரார் வாயில் மரியாதையும் உறவும் கலந்து வரும். அதற்கு ஈடாகத் தமிழில் ‘ஐயா’ என்று வைத்தால் மரியாதை நிற்கும், வங்காளம் போய்விடும். ‘மசாய்’ என்றே விட்டால் வங்காளம் நிற்கும், தமிழ்க் காது சிறிது தயங்கும். நாமாக இருந்தால் காது தயங்கட்டும் என்றுதான் விடுவோம். பிற நாட்டு வீட்டுக்குள் நுழைகின்றவர் வாயிலில் சற்றே குனிந்து போவதில் தவறில்லை.

கல்கத்தாவில் வாழும் தமிழன்பர் ஒருவரிடம் இந்நூலைப் பற்றிக் கடிதத்தில் எழுதினோம். முப்பது ஆண்டுகளாக அங்கே இருப்பவர். வங்காளம் நன்றாகப் பேசுவார். மீன் விலை முதல் அரசியல் வரை. ஆனால் வங்காள நூல் ஒன்றையும், தமிழிலேனும், படித்ததில்லை என்று மறுமொழி எழுதினார். நாமும் பிறரைச் சொல்லத் தகுதி உடையவரல்லோம். தில்லியிலேயே இருந்தும், இந்தி நூல்களுள் நாம் விரும்பிப் படித்தவை கைவிரலில் அடங்கும். அலுவலகத்தில் நாள் முழுதும் இந்தியோடு இருப்பதனால், வீட்டுக்கு வந்தபின் அதன் முகத்தைப் பார்க்க மனம் இடங்கொடுப்பதில்லை. கோப்புகளின் இந்தி வேறு, பிரேம்சந்தின் இந்தி வேறு என்பது அறிவுக்குத் தெரிகிறது, களைப்புக்குத் தெரிவதில்லை.

இனிக் கதையல்லாத நூல்கள். வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ என்ற நூலைச் சென்ற வேனிற் காலத்தில் படித்தோம். பிளேட்டோவையும் ரூசோவையும் தமிழர்க்கு அறிமுகப்படுத்தியவர் சர்மா. 1932 முதல் இரங்கூனில் வாழ்ந்து ‘ஜோதி’ என்ற திங்களிதழை நடத்தியவர். 1941 டிசம்பர் 23ஆம் நாள் இரங்கூனில் ஜப்பானியர் குண்டு வீசினர். அடுத்த சில மாதங்களில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினர். கப்பலில் இடம் கிடைக்காத பெருங்கூட்டம் மலையையும் காட்டையும் நடந்தே கடந்தது. பசியாலும் காலராவாலும் வழியிலேயே மாண்டவர் பல்லாயிரவர். வெள்ளையர் செல்ல ஒரு பாதை, மற்றையோர்க்கு வேறு பாதை என்ற பாகுபாடும் அந்தத் துன்பத்தில் இருந்தது.

சர்மாவும் அவர்தம் மனைவியார் மங்களமும் அக்கூட்டத்தில் இருந்தனர். இவ்வளவு துயரத்தைச் சொல்லும் நூல் எவ்வளவு அடங்கிய குரலில் பேசுகிறது என்பதுதான் வியப்பு. தாம் பட்ட பாட்டை முன்னே நிறுத்தாமல், உடன் வந்தவர்களையும் உதவியவர்களையும் கவனித்துக்கொண்டே நடக்கிறார். ஓரிரு இடங்களில் இன்னும் விரித்துச் சொல்லியிருக்கலாகாதா என்று நமக்கு ஏக்கம் உண்டாயிற்று. குறிப்பாக அம்மையாரின் வாய்மொழியை நேரே கேட்க விரும்பினோம். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து போன பெண்கள் என்ன எண்ணினார்கள் என்று எழுதிவைத்தவர் மிகச் சிலரே. பிற மாநிலத்தில் வீடு வாங்கிக் குடியேறிய நாம் அனைவரும், ‘இது நம் இடம்’ என்று சொல்லும்போது குரலில் வரும் உறுதியைச் சற்றே எடைபோட்டுப் பார்க்க இந்நூல் இடம் தருகிறது. நாம் நம் நாட்டுக்குள்ளேயே இருக்கிறோம். நமக்குச் சட்டத்தின் காவல் உண்டு. அந்த வேறுபாடு மிகப் பெரிது. அது பெரிது என்பதும் இதைப் படித்த பிறகே நமக்கு நன்றாக விளங்கிற்று.

‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்ற நூலை இரண்டே இரவுகளில் படித்துவிட்டோம். காந்தியடிகளைப் பற்றிய செய்திப்படம் ஒன்றை எடுப்பதற்காக உலகைச் சுற்றிய ஏ.கே. செட்டியார் எழுதியது, ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்தது. 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில் அவ்வெண்ணம் உதித்தது. ஏறத்தாழ ஓர் இலட்சம் மைல் சுற்றி, 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டி, 1940இல் படத்தை வெளியிட்டார். இவ்வளவு செய்தவர் தம்மைப் பற்றி எழுதும்போது சுவரோரமாக நடக்கிறார். தன்வரலாறு என்ற பெயரில் தம்மையே மாலையிட்டுக்கொள்ளும் நூல்கள் மலிந்த இக்காலத்தில், இச்சிறு நூல் நமக்கு இளநீர் குடித்தாற்போல் இருந்தது. கோட்டையூரில் பிறந்த இளைஞர் ஒருவர் கையில் காமிராவோடு ஐரோப்பியப் பேரறிஞர் வீட்டுக் கதவைத் தட்டிய துணிவை, வெளியூர் வேலைக்குப் புறப்படும் நம் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டலாம். சிறிய வாக்கியங்கள், தமிழ் தட்டுத் தடுமாறும் பிள்ளைக்கும் எளிது. நம் மகள் இதில் மூன்று பக்கங்களைத் தானே படித்தாள்.

காவேரியைப் பற்றிய ஒரு நூலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதி 1971இல் வெளிவந்த ‘நடந்தாய் வாழி காவேரி’. இருவரும் வானொலியில் பணியாற்றியவர்கள் என்பது நேயர்களுக்கு இன்னும் ஓர் உறவு. ‘நடந்தாய்’ என்பது காவேரிக்குத்தான் பொருந்தும். ஆசிரியர்கள் பெரும்பாலும் காரில் போனார்கள்! குடகு மலையில் ஆறு பிறக்கும் இடத்திலிருந்து பூம்புகாரில் கடல் சேரும் இடம் வரை, கோயில், இசை, உணவு, ஊர்ப்பேச்சு என்று சுவையாகச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். தஞ்சை மாவட்டத்துக்குள் நுழைந்ததும் ஜானகிராமனின் பேனா தாய்வீட்டுக்கு வந்த பெண்போல் ஓடியாடுகிறது.

ஆனால் ஒன்று. இந்நூல் எழுதப்பட்டபோது காவேரி நீர்ப் பங்கீடு இவ்வளவு பெரிய வழக்காக மாறவில்லை. நடுவர் மன்றம் அமைந்தது 1990இல். 1991 டிசம்பரில், இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்கள் வாழ்ந்த பகுதிகள் தீயையும் கல்லையும் கண்டன. உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கியது 2018இல். இவற்றை அறிந்த கண்ணோடு இன்று அந்நூலைப் படித்தால், கன்னட நாட்டுப் பகுதிகளில் ஆசிரியர்கள் அவ்வூர் மக்களோடு கவலையின்றிப் பேசி மகிழ்வதைக் காணும்போது நெஞ்சில் ஒரு வலி தோன்றுகிறது. மைசூரிலும் மாண்டியாவிலும் வாழும் நேயர்கள் இந்நூலை எப்படிப் படிப்பார்கள் என்று அறிய ஆவலாய் இருக்கிறோம். இதற்கு மாற்றாக ஆற்றின் மேற்புறத்துக் குடியானவர் ஒருவர் கன்னடத்தில் எழுதிய நூல் தமிழில் வந்தால் முதல் பிரதியை நாம் வாங்குவோம். செகந்தராபாத்தில் தமிழ்ச் சிறுவன் ஒருவன் கண்டதைத் தமிழில் எழுதிவைத்தார் அசோகமித்திரன். 1991இல் பெங்களூரில் பத்து வயதாக இருந்த தமிழ்ப் பிள்ளைகள் இன்று நாற்பதைத் தாண்டியிருப்பார்கள். நம் வயதினர். அவர்களுள் எவரேனும் அந்தக் குளிர்கால நாட்களை நாவலாக எழுதிக்கொண்டிருக்கக்கூடும். எழுதுகையில் அண்டை வீட்டுக் கன்னடக் குடும்பத்தை, கதவைத் திறந்தவரையும் சாத்தியவரையும், ஒருசேரக் காட்டுவாராயின் அது நல்ல நூலாகும்.

இந்த நூல்களில் சில பல பதிப்புகள் கண்டவை. சில அடிக்கடி அச்சில் இல்லாமல் போகின்றவை. ‘ஆரோக்கிய நிகேதனம்’ கடையில் கிடைக்காவிடில் சங்க நூலகங்களில் கேட்டுப் பாருங்கள்; பழைய பைண்டு செய்த பிரதி ஒன்று எங்கேனும் இருக்கும். ‘அட்சக்கோடு’ எளிதில் கிடைக்கும்.

அடுத்து நாம் படிக்க விரும்புவது அதீன் பந்தோபாத்தியாயரின் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’. கல்கத்தாவிலேயே வாழ்ந்து வங்காளத்தைக் கற்ற சு. கிருஷ்ணமூர்த்தியின் மொழிபெயர்ப்பு, தேசியப் புத்தக நிறுவனத்தின் வெளியீடு. பிரிவினைக்கு முன்னைய கிழக்கு வங்காளத்துக் கதை. நூலகத்தில் கேட்டோம். மூன்று மாதமாக எவரோ ஓர் அன்பர் எடுத்துப் போய் வைத்திருக்கிறாராம். நமக்கு முன்னே பட்டியலில் இன்னும் இருவர் காத்திருக்கிறார்கள். அந்த அன்பர் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால், படித்து முடித்ததும் விரைந்து திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். ஓரத்தில் பென்சில் கோடு இருந்தாலும் பரவாயில்லை.